மனச்சிதைவு நோய்க்கு ஆன்டிசைக்காடிக் மருந்தோடு கோலினெர்ஜிக் மருந்தையும் (மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைக் கூட்டும் மருந்து) சேர்த்தால் நினைவாற்றல் மேம்படுமா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆன்டிசைக்காடிக் மருந்துகள் பெரும்பாலும் டோபமின் என்ற மூளை வேதிப்பொருளின் வேலையைத் தடுத்து, காதில் குரல் கேட்பதையும் வீண் சந்தேகங்களையும் குறைக்கின்றன. கவனச் சிதறல், மறதி, எதிலும் நாட்டமின்மை ஆகியவை அவ்வளவாக அசைவதில்லை. வேலைக்கோ படிப்புக்கோ திரும்பவிடாமல் தடுப்பவை பெரும்பாலும் இவைதான்.

நினைவுக்கும் கவனத்துக்கும் அசிட்டைல்கோலின் தேவை. ஆகவே அல்சைமர் நோய்க்குத் தரும் டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், காலன்டமின் போன்றவற்றைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. ஆனால் 2008இல் வெளியான, சுமார் 250 பேரை வைத்து 12 வாரம் நடந்த டோனெபெசில் ஆய்வில், போலி மாத்திரையை விட அது மேலாக இல்லை. அசிட்டைல்கோலின் வேலை செய்யும் இடங்களில் ஒன்றான ஆல்ஃபா-7 நிகோட்டினிக் ஏற்பியைக் குறிவைத்த என்செனிக்லின் என்ற மருந்தும் மூன்றாம் கட்டப் பரிசோதனையில் தோற்றது.

அசிட்டைல்கோலினின் மற்றொரு வகை ஏற்பிகளான மஸ்கரினிக் ஏற்பிகளைத் தூண்டும் சானோமெலின், உடலில் அதன் பக்கவிளைவைக் குறைக்கும் ட்ரோஸ்பியத்துடன் சேர்த்து, 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது தனி மருந்தாகத்தான். கூடுதல் மருந்தாகச் சோதித்த ஆய்வு 2025இல் முதன்மை இலக்கை எட்டவில்லை.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது: ஆன்டிசைக்காடிக் மருந்தால் வரும் கை நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்து, அதுவே மறதியைக் கூட்டலாம். அது இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.