சுவருக்குக் கூலி

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் நீளமானது. மற்ற வாசகர்களுக்காக அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி உங்களுக்குச் சொந்த ஊர். கும்பகோணத்தில் கவின்கலை படித்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறீர்கள். நகரை அழகாக்கப் போகிறோம் என்று ஒரு தன்னார்வக் குழு அழைக்க, நண்பர்களோடு பாலத்தூண்களிலும் ஒரு பள்ளிச் சுவரிலும் வரைந்தீர்கள். கிடைத்தது காலைப் பொங்கல், ஒரு டி-ஷர்ட், ஒரு சான்றிதழ். பிறகு பணம் ஒதுக்கி ஒரு பெரிய சுவர் வந்தபோது வேலை வெளியூர்க் குழுவுக்குப் போய்விட்டது. "உள்ளூர்க் கலைஞனுக்கு உள்ளூரில் மதிப்பே இல்லையா? ஆலப்புழையில் முடிந்தது நம் ஊரில் ஏன் முடியவில்லை? பேசாமல் நான் சென்னைக்குப் போய்விடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சென்னைக்குப் போவதென்றால் போங்கள். அதற்கு என் அனுமதி எதற்கு? ஆலப்புழைக் கதை வேறு. 2021-இல் அங்கே நடந்த 'லோகமே தறவாடு' கண்காட்சியில் 267 மலையாளக் கலைஞர்கள் பங்கெடுத்தார்கள், பழைய கயிறுத் தொழில் கட்டடங்களையெல்லாம் காட்சிக்கூடமாக்கினார்கள், எல்லாம் சரி. அதற்கு முன்னால் 2012-லிருந்து கொச்சியில் பினாலே என்ற ஈராண்டுக் கலைக் கண்காட்சியை நடத்திப் பழகிய கைகள் அவை. ஒரே மழையில் முளைத்ததல்ல.

நடுவில் "எங்கள் பக்கம் ஓவிய மரபு என்று எதுவும் கிடையாது" என்று ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்கு உங்களைக் கொஞ்சம் திட்டத்தான் வேண்டும். அம்பாசமுத்திரம் பக்கம் திருப்புடைமருதூருக்குப் போயிருக்கிறீர்களா? நாறும்பூநாதர் கோயில் ராஜகோபுரத்துக்குள்ளே நிலைக்கு நிலை சுவரெல்லாம் நாயக்கர் கால ஓவியம். ஓரிடத்தில் கப்பலில் குதிரைகள் வருகின்றன, இன்னோரிடத்தில் போர் நடக்கிறது. கும்பகோணம் வரை போய்ப் படித்தவர் இதைப் பார்க்காமல் மரபு இல்லை என்று எழுதினால் எனக்குக் கோபம் வராதா? அனுமதி கேட்டு ஏறிப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

நான் சொல்ல வந்தது அந்தப் பொங்கலைப் பற்றி.

எங்கள் தெருவில் ஒரு போர்டு ஓவியர் இருந்தார். ஆர்ட்டிஸ்ட் மாமா என்போம். பள்ளி விட்டதும் அவர் கடைத் திண்ணையில்தான் இருப்பேன். சாக்பீஸ் தூள் தடவிய நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வது என் வேலை. மறுமுனையை அவர் இழுத்துப் பிடித்து நடுவில் ஒரு சுண்டு சுண்டுவார். தகரத்தின் மேல் வெள்ளைக்கோடு டப்பென்று விழும். நுனியில் துணிப்பந்து கட்டிய குச்சியைத் தகரத்தில் ஊன்றி, அதன்மேல் மணிக்கட்டை வைத்து, 'ஜவுளி'யின் கொக்கியைக் கை நடுங்காமல் ஒரே இழுப்பில் முடிப்பார். எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. புள்ளிக்குக் காசு கிடையாது. 'ஸ்ரீ' போட்டால் மட்டும் இரண்டு எழுத்து. அதில் இருக்கிற வளைவுக்கு ஓர் எழுத்துக் கூலி கட்டுபடியாகாது என்பார்.

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பூச்சு வேலை வந்தாலும் வெற்றிலை பாக்கோடு கூலி வைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஒருமுறை தர்மகர்த்தா, "அம்மனுக்குச் செய்யறதுக்குக் கூடவா?" என்று கேட்டார். "அம்மன் யாரையும் சும்மா வேலை வாங்க மாட்டா, நீங்கதான் கேக்கிறீங்க" என்று பதில் வந்தது.

2000-க்குப் பிறகு பிளக்ஸ் வந்தது. கடைப் பலகை போயிற்று, கட்-அவுட் போயிற்று. மிஞ்சியது கட்சிச் சுவரெழுத்தும் அரசுப் பள்ளிச் சுவரும்தான். சூரியக் குடும்பம், மனித உடல், இந்திய வரைபடம், ஆத்திசூடி. அதில்தான் மாமா தன் மகள் கல்யாணத்தை நடத்தினார். அப்புறம் அந்தப் பள்ளிச் சுவருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களைப் போல நல்ல மனசுக்காரர்கள் பிரஷ்ஷோடு வந்துவிட்டார்கள். இலவசமாக. தலைமை ஆசிரியர் எதற்கு வேண்டாம் என்று சொல்லப்போகிறார்?

நீங்கள் பொங்கலுக்கு வரைந்த சுவர் இன்னொருவரின் அரிசி. இதை நீங்கள் யோசிக்கவில்லை. வெளியூர்க் குழு உங்கள் வேலையைப் பறித்ததாக எழுதுகிறீர்கள். உங்கள் வேலைக்கு விலையே இல்லை என்று ஊருக்கு முதலில் சொன்னது நீங்கள்தான். சும்மா கிடைத்ததற்குப் பணம் கொடுக்க எந்த அதிகாரிக்குக் கை வரும்? பணம் ஒதுக்கியதும் விலைப்பட்டியலோடு வந்தவரைத்தான் அவர் கூப்பிடுவார்.

சமூகக் கலை என்றதும் எல்லோரும் சேவை, சேவை என்கிறார்கள். நமக்கு அடுத்த ஊரான கோவில்பட்டியில் என்ன நடந்தது என்று பாருங்கள். சென்னைக் கலைப்பள்ளியில் படித்தவர் கொண்டையராஜு. ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதப் போனார். அந்தக் கம்பெனியோடு 1940-களில் கோவில்பட்டிக்கு வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். 1976-இல் காலமாகும்வரை அந்தக் கரிசல் ஊர்தான். பக்கத்திலேயே சிவகாசி அச்சகங்கள். அவரும் டி.எஸ்.சுப்பையா போன்ற அவருடைய சீடர்களும் எழுதிக் கொடுத்த முருகனும் லட்சுமியும் காலண்டராகி நம் எல்லோர் வீட்டுச் சுவரிலும் தொங்கின. குருவும் சீடரும் சேர்ந்து கையெழுத்திட்ட படங்கள்கூட உண்டு. அந்தப் படங்களை மட்டம் என்று சிரிக்கிற ஓவியர்களை எனக்குத் தெரியும். அவர்கள் படம் எத்தனை வீட்டுப் பூஜையறையில் இருக்கிறது என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். அது சேவை இல்லை, தொழில். வாங்க ஆள் இருந்தது, பணம் வந்தது, அதனால் பட்டறை நடந்தது, பையன்கள் கற்றுக்கொண்டார்கள். ஒரு சின்ன ஊரில் ஓவியப் பரம்பரை அப்படித்தான் உண்டாயிற்று.

2010 வாக்கில் சென்னை மாநகராட்சி அண்ணா சாலையில் சுவரொட்டிகளுக்குத் தடை போட்டு, சுவர்களில் படம் வரையச் சொன்னபோது, பிளக்ஸால் பிழைப்பு போன பேனர் ஓவியர்களுக்கு அந்த வேலை கிடைத்தது. வந்த படங்கள் கோயிலும் நாட்டியமும்தான், எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் கூலி போய்ச் சேர்ந்த இடம் பிடித்திருந்தது.

நீங்கள் நல்ல ஓவியர், அனுப்பிய படங்களில் தெரிகிறது. பாலத்தூணில் அந்த மீன்கொத்தி கழுத்தைத் திருப்பியிருக்கும் விதத்தை வெகுநேரம் பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு கத்துகிறேன்.

அடுத்த முறை யார் கூப்பிட்டாலும், சதுர அடிக்கு இவ்வளவு என்று முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடிக்கிற செலவு தனி. சாரம் தனி. பாதி முன்பணம். சான்றிதழைப் பற்றி அவர்கள் பேச்செடுத்தால் சிரித்துவிட்டு மறுபடி ரேட்டைச் சொல்லுங்கள். அந்தத் தெருவில் போர்டு எழுதுகிறவர் யாராவது மிச்சமிருந்தால் எழுத்து வேலையை அவரிடம் விடுங்கள். உங்கள் 'தாமிரபரணி'யில் 'ணி' மட்டும் பக்கவாட்டில் சரிந்து கிடக்கிறது. எழுத்துக்கு என்ன ரேட் என்று அவரிடமே கேளுங்கள், பேரம் பேசாதீர்கள்.