அப்பாவின் 1 கட்டை, மகளின் 5 கட்டை

அன்புள்ள ஐயா,

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு வருடமாகப் பாட்டு கற்றுக்கொள்கிறாள். அவள் பள்ளி ஆண்டு விழாவில் இந்த முறை பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து நிகழ்ச்சி தரலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு நான்கு நிமிடம். நானும் ஓரளவு பாடுவேன், என் சுருதி 1 கட்டை. அவளுக்கு வகுப்பில் 5 கட்டை. ஒரு சினிமா டூயட்டை கரோக்கியோடு பழகுகிறோம். சரணத்தில் மேலே போனால் கத்துகிறாள், கீழே வந்தால் குரலே கேட்பதில்லை. திருத்தினால் அழுகிறாள். நேற்று ‘நான் வரல, நீயே பாடிக்கோ’ என்று சொல்லிவிட்டாள். நாங்கள் எந்தப் பாட்டைப் பாடலாம்? இருவரும் ஒரே நிறத்தில் உடை போடலாமா? மேடைக்கு முன் அவள் தொண்டைக்கு என்ன கொடுப்பது?

ர.

அன்புள்ள ர.,

உடை உங்கள் இஷ்டம், கழுத்தில் பட்டன் இறுக்காமல் இருந்தால் சரி. தொண்டைக்கு வெதுவெதுப்பான தண்ணீர் போதும். பாட்டைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ‘கத்துகிறாள்’ என்ற சொல்.

கணக்கைப் பாருங்கள். கட்டை என்பது பாடுகிறவர் தன் ஷட்ஜத்தை, அதாவது ‘ஸ’வை, வைத்துக்கொள்ளும் உயரம். ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்தியமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம், அதாவது ஸ ரி க ம ப த நி, ஏழும் சேர்ந்தது ஒரு ஸ்தாயி. நடு ஸ்தாயி மத்திய, அதற்கு மேலே தார, கீழே மந்திர. உங்கள் 1 கட்டையின் ஷட்ஜம், அவளுடைய 5 கட்டையில் மத்தியமம். உங்கள் பாட்டு மேலே தார காந்தாரத்தைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு ஒரு ஸ்தாயி மேலே நின்று அவள் அதைப் பாடினால், அவள் குரலுக்கு அது தார தைவதம். கச்சேரி மேடையில் தேர்ந்த பாடகர்களே தார பஞ்சமத்தைத் தாண்டுவது அபூர்வம். எட்டு வயதுக் குழந்தையிடம் அதற்கும் மேலே ஒரு சுரம் கேட்டிருக்கிறீர்கள். சரி, உங்கள் ஸ்தாயியிலேயே பாடட்டும் என்றால், உங்கள் ஷட்ஜம் அவளுக்கு மந்திர மத்தியமம். அங்கே அவளுக்குக் குரலே கிடையாது, காற்றுதான் வரும். மேலே போனால் கத்தல், கீழே வந்தால் காணோம். நீங்கள் கண்டது இதைத்தான். குழந்தையிடம் ஒரு குறையும் இல்லை. கட்டையைப் பார்க்காமல் பாட்டைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். இன்றைக்கே அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ‘தப்பு அப்பாவோடதும்மா’ என்று சொல்லிவிடுங்கள். அவள் அழுகை பாதி அதில் அடங்கும்.

மத்தியம சுருதியைப் பற்றிக் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் நேராக அங்கேதான் வந்து நின்றது. குறிஞ்சி, நவரோஜ், புன்னாகவராளி, நாதநாமக்கிரியை போன்ற ராகங்கள் தார ஷட்ஜத்தை எட்டுவதில்லை. மொத்தப் பாட்டும் ஏறக்குறைய ஒரு ஸ்தாயிக்குள் முடிந்துவிடும். குறிஞ்சி மந்திர நிஷாதத்தில் தொடங்கி தைவதத்தோடு நின்றுவிடும். நவரோஜ் மந்திர பஞ்சமத்திலிருந்து மத்திய பஞ்சமம் வரை, அளந்து வைத்தது போல ஒரே ஸ்தாயி. இவற்றைப் பாடுகிறவர் தன் கட்டையின் மத்தியமத்தையே ஷட்ஜமாக வைத்துக்கொண்டு பாடுவார். அதுதான் மத்தியம சுருதி.

இப்போது உங்கள் மகளை நினைத்துக்கொள்ளுங்கள். 5 கட்டைக்காரி மத்தியம சுருதியில் பாடினால் அவளுடைய புது ஷட்ஜம் 1 கட்டை. அதாவது உங்கள் கட்டை! அவள் மேல் ஸ்தாயியில், நீங்கள் கீழ் ஸ்தாயியில், இருவருக்கும் ஒரே தம்பூரா. நவரோஜ் அவள் குரலில் அவளுடைய சொந்த ஷட்ஜத்திலிருந்து தார ஷட்ஜம் வரை மட்டுமே போகும், தினமும் வகுப்பில் சரளி வரிசை பாடுகிற அதே இடம். குறிஞ்சி அவளுக்குக் காந்தாரத்திலிருந்து தார ரிஷபம் வரை. எங்குமே கழுத்து நரம்பு புடைக்க வேண்டியதில்லை. உங்களுக்கு நவரோஜின் அடிப் பஞ்சமம் மட்டும் மைக்கில் மெலிந்து கேட்கலாம். அந்த இடத்தில் அவளை முன்னே விடுங்கள். தாலாட்டும் ஊஞ்சல் பாட்டும் இந்த ராகங்களில் இத்தனை இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் பெரியவரும் சிறியவரும் கூடிப் பாட இதைவிட வசதியான இடம் இல்லை. ஆண்டு விழா மேடைகளில் இதை யாரும் எடுப்பதே இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

இந்தப் பொருத்தம் 5-க்கும் 1-க்கும் மட்டுமல்ல. 5½-க்கு 1½, 6-க்கு 2. அதனால் முதலில் அவளுடைய கட்டை நிஜமாகவே 5தானா என்று பாருங்கள். வகுப்பில் பத்துப் பிள்ளைகளுக்குப் பொதுவாக ஒரு கட்டை வைத்திருப்பார்கள், அது அவளுடையதாக இருக்க வேண்டும் என்றில்லை. தூங்கி எழுந்த உடனே சோதிக்காதீர்கள், சாயங்காலம் பத்து நிமிடம் பாடிய பிறகு சோதியுங்கள். கைப்பேசித் தம்பூராவில் 4½, 5, 5½, 6 என்று ஒவ்வொன்றாக வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஷட்ஜத்திலிருந்து இறங்கி மந்திர பஞ்சமம், பிறகு ஏறி தார காந்தாரம். கீழ்ப் பஞ்சமம் நாலடி தள்ளி நிற்கும் உங்களுக்குக் கேட்க வேண்டும். தார காந்தாரத்தில் முகவாய் மேலே தூக்கக்கூடாது. முகவாய் எழும்பினால் கட்டை அதிகம், அரைக் கட்டை இறக்குங்கள். முடிவானதும் அதற்குப் பொருந்தும் கட்டையில், 5 என்றால் உங்கள் 1-இல், தம்பூராவைப் பஞ்சமத்தோடு வைத்துவிட்டு இருவரும் பாடலாம். வேறெதையும் மாற்ற வேண்டாம்.

‘இல்லை, எங்களுக்கு அந்த சினிமா டூயட்தான் வேண்டும்’ என்றால் அவளுடைய 5 கட்டையில் வைத்துப் பங்கு பிரியுங்கள். அவளுடைய மந்திர பஞ்சமம் முதல் மத்திய பஞ்சமம் வரையுள்ள வரிகளை ஒரே ஸ்தாயியில் இருவரும் சேர்ந்து பாடலாம், உங்களுக்கு அது ரிஷபம் முதல் தார ரிஷபம் வரைதான். அதற்கு மேலே போகும் வரி அவளுக்குத் தனியாக. உங்கள் 1 கட்டைக்கு அவளை இழுக்கும் வேலை மட்டும் கூடாது. கரோக்கியைக் கட்டை மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். ஒரு கட்டை வரை தாங்கும். அதற்கு மேல் தபலாவும் வயலினும் தண்ணீருக்குள் இருந்து கேட்பது போல ஆகிவிடும். உங்களுக்குத் தேவைப்படுவதோ அதைவிட மிக அதிகம்.

மேடையில் சுருதி நழுவுவதற்குக் காரணம் பெரும்பாலும் பயம் இல்லை. தம்பூரா சபைக்குக் கேட்கும், பாடுகிறவருக்குக் கேட்காது. ஒலிபெருக்கிப் பெட்டிகள் சனங்களைப் பார்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒரு சிறிய புளூடூத் ஸ்பீக்கரை அவள் காலடியில் வைத்துத் தம்பூராவை அதில் விடுங்கள். புளூடூத்தில் ஒலி பத்தில் ஒரு நொடி அளவுக்குத் தாமதமாக வரும். தம்பூராவுக்குத் தாளம் கிடையாது, அதனால் பாதகமில்லை. கரோக்கிக்கு அது ஆகாது, ஒயர்தான். பெரிய கூடத்தில் பின்சுவரில் பட்டுத் திரும்பும் குரல் குழந்தையை மந்தமாக்கும். நீங்கள் தொடையில் தாளம் போடுங்கள், அவள் கண்ணுக்குத் தெரிகிற பக்கத் தொடையில்.

மைக் அவள் வாயிலிருந்து நான்கு விரற்கடை, உங்கள் வாயிலிருந்து ஒரு சாண். ஒரே மைக் என்றால் நீங்கள் அரையடி பின்னால் நில்லுங்கள். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் ஊளையிடும். முந்தின நாளே அவளைக் கையில் பிடிக்கவைத்துப் பழக்குங்கள்.

ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை ஒரு சுற்று, அதாவது ஓர் ஆவர்த்தனம். நான்கு நிமிடம் என்றால், நொடிக்கு ஓர் எண்ணிக்கை வைத்து முப்பது ஆவர்த்தனம். நடந்து வந்து நிற்பதற்கும் சுருதி சேர்வதற்கும் நான்கைக் கழித்துவிடுங்கள். மீதி இருபத்தாறுக்குள் பாட்டு முடிய வேண்டும். மேடையில் கை தானாக வேகம் பிடிக்கும், பிடித்தால் அவள் மூச்சு போதாது.

வரி மறந்தால் முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். முழு வரியையும் நீங்களே பாடித் தீர்த்தால், அவள் மறந்துவிட்டாள் என்று கூடம் முழுக்க அறிவித்ததாகும். வீட்டில் மூன்று முறையாவது அவளை வேண்டுமென்றே ஒரு வரியில் நிற்கச் சொல்லி, எடுத்துக்கொடுத்துப் பழகுங்கள். அவள் சுரம் பிசகினால் உங்கள் முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது. பிள்ளைகள் சபையைப் பார்ப்பதில்லை, அப்பா முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

எந்தப் பாட்டு என்று கேட்டிருந்தீர்கள். அவளுடைய பாட்டு டீச்சரிடம் போய் நவரோஜிலோ குறிஞ்சியிலோ இருவர் பாட ஒன்று கேளுங்கள், சந்தோஷமாகக் கொடுப்பார். கொடுத்ததும் அவளை வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். இந்த வயதில் முன்பல் விழுந்திருக்கும், அல்லது பாதி முளைத்திருக்கும். சகரம் காற்றாகப் போகும், தகரம் வழுக்கும். அந்த எழுத்துகள் நெருக்கமாக வரும் வரிகளை நீங்கள் எடுத்துக்கொண்டு, மற்றதை அவளுக்குக் கொடுங்கள்.