ரிப்போர்ட் நார்மல், ஆனால் உடம்பு முடியவில்லை: இனி யாரிடம் போவது?

கேள்வி: எனக்கு 39 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒன்றரை வருடமாக ஓயாத அசதி. காலையில் எழும்போதே உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலிக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கி நெஞ்சு படபடக்கிறது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. நான்கு டாக்டர்களைப் பார்த்துவிட்டேன். ரத்தம், ஈசிஜி, தைராய்டு எல்லாமே நார்மல் என்கிறார்கள். கடைசியாகப் பார்த்தவர் ‘டென்ஷனைக் குறைங்கம்மா’ என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டிலும் இப்போது நான் சொல்வதை யாரும் நம்புவதில்லை. வலி தாங்காத நாட்களில் மெடிக்கலில் செட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். அதில் வயிறு எரிவதால் தினமும் கேஸ் மாத்திரை. முடிக்குப் பயோட்டின். மாதவிடாய் 7, 8 நாள் போகும். அது எனக்கு எப்போதும் அப்படித்தான். ரிப்போர்ட்டுகளை அனுப்பியிருக்கிறேன். எனக்கு நிஜமாகவே ஒன்றும் இல்லையா?

பதில்: இருக்கிறது, சகோதரி. ஒன்றரை வருடம் ஒருவர் படி ஏற முடியாமல் தவிக்கிறார் என்றால் அதற்குக் காரணம் இருந்தே தீரும். ‘நார்மல்’ என்று உங்களிடம் சொன்னதற்கு, எடுத்த பரிசோதனைகளில் பெரிதாக எதுவும் தெரியவில்லை என்பது மட்டுமே பொருள். எடுக்காத பரிசோதனைகளைப் பற்றி அந்தக் காகிதம் எதுவும் சொல்லாது.

எடுத்ததிலும்கூட எல்லாம் சரியாக இல்லை. உங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளில் ஹீமோகுளோபின் 12.1 என்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் கர்ப்பமில்லாத பெண்களுக்கு வகுத்த எல்லை 12. நூலிழையில் நீங்கள் அதற்கு மேலே இருப்பதால் ‘ரத்தசோகை இல்லை’ என்று தாண்டிப் போயிருக்கிறார்கள். அதே தாளில் இன்னும் நான்கு வரி கீழே வாருங்கள். எம்சிவி 77. இது சிவப்பணுவின் சராசரி அளவு. 80 முதல் 100 வரை இருக்க வேண்டும். அதற்குச் சற்றுக் கீழே ஆர்டிடபிள்யூ 16.8. சிவப்பணுக்கள் ஒரே அளவில் இல்லாமல் சிறிதும் பெரிதுமாகக் கலந்திருந்தால் இந்த எண் கூடும். பெரும்பாலான ஆய்வகங்களில் 14.5-ஐ ஒட்டித்தான் மேல் எல்லை வைத்திருப்பார்கள். அணுக்கள் சிறுத்து, அளவும் கலைந்திருக்கிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இரும்புச்சத்துக் குறைவு.

இரும்பு குறையும்போது உடம்பு முதலில் சேமிப்பிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்கும். ஹீமோகுளோபினில் கை வைப்பது கடைசியில். அதனால் ஹீமோகுளோபின் எல்லைக்குள் இருக்கும்போதே அசதி, படபடப்பு, முடி உதிர்தல், இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும் தவிப்பு எல்லாம் தொடங்கிவிடலாம். பச்சரிசியை அள்ளி மெல்லவோ, ஐஸ்கட்டியைக் கடிக்கவோ, சிலேட்டுக் குச்சி தின்னவோ ஆசை வருகிறதா? வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவும் இரும்புக் குறைவின் அடையாளம்தான்.

சேமிப்பைக் காட்டும் பரிசோதனை ஃபெரிட்டின். உங்கள் நான்கு ரிப்போர்ட்டுகளில் ஒன்றில்கூட அது இல்லை. பல ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ தொகுப்புகளிலும் அதைச் சேர்ப்பதில்லை. 15-க்குக் கீழே என்றால் குறைவு உறுதி. 30-க்குக் கீழே இருந்தாலே, இவ்வளவு தொந்தரவு உள்ளவருக்கு நான் சிகிச்சை தொடங்கிவிடுவேன். உடம்பில் கிருமித் தொற்றோ அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறித் தெரியும் என்பதால் கூடவே அழற்சியைக் காட்டும் சிஆர்பி எடுப்பது நல்லது. ஃபெரிட்டின் நன்றாக இருந்தும் எம்சிவி குறைவாகவே இருந்தால், பிறவியிலேயே வரும் தலசீமியா கூறு இருக்கிறதா என்று ஹீமோகுளோபின் ஏ2 பார்க்க வேண்டும். இதனால்தான் பரிசோதிக்காமல் நீங்களாக இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள் என்கிறேன்.

2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் குறைந்தவர்களின் கணக்கு மட்டுமே இது. உங்களைப் போல எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் இதில் சேர மாட்டார்கள். இத்தனை பரவலாக இருப்பதாலேயே ‘பொம்பளைங்கன்னா அசதி இருக்கத்தான் செய்யும்’ என்று வீடும் மருத்துவமனையும் பழகிப்போயிருக்கின்றன. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது.

‘எப்போதும் அப்படித்தான்’ என்று நீங்கள் ஒரே வரியில் முடித்துவிட்ட மாதவிடாய்க்கு வருகிறேன். 7 நாளைத் தாண்டுவது, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பேட் மாற்ற வேண்டியிருப்பது, கட்டி கட்டியாகப் போவது, இரவில் எழுந்து மாற்றுவது இவையெல்லாம் அதிக ரத்தப்போக்கு. வருடக்கணக்காக இருக்கிறது என்பதால் அது சரியான அளவு ஆகிவிடாது. கர்ப்பப்பையில் நார்த்திசுக் கட்டி இருக்கிறதா என்று ஒரு ஸ்கேனில் தெரிந்துவிடும். போக்கைக் குறைக்க மாத்திரைகளும், கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் போன்ற வழிகளும் உண்டு. ‘கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்’ என்று யாராவது எடுத்த எடுப்பில் சொன்னால், வேறு என்ன வழிகள் இருக்கின்றன என்று கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

இனி செட்டு மாத்திரை. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். காகிதக் கவரில் மூன்று நான்கு மாத்திரைகளை உதிரியாகப் போட்டுத் தருவார்கள், பெயர் இருக்காது. பெரும்பாலும் ஒரு வலி மாத்திரை, பல நேரங்களில் அதோடு டெக்சாமெத்தசோன் மாதிரி ஒரு ஸ்டீராய்டு. போட்ட அன்றைக்குப் பறப்பதுபோல் இருக்கும். இரண்டு நாளில் முன்னைவிட மோசமாக விழுவீர்கள். அடிக்கடி ஸ்டீராய்டு போகும்போது, உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். பிறகு மாத்திரை இல்லாத நாட்களில் அசதியும் உடல்வலியும் வரும். எந்த வலிக்காகப் போட்டீர்களோ அதே வலியை அது திரும்பத் தருகிறது. வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி, தெரியாமல் சிறிது சிறிதாக ரத்தம் கசிய வைக்கலாம். அந்த எரிச்சலுக்காக நீங்கள் தினமும் போடும் கேஸ் மாத்திரை அமிலத்தைக் குறைப்பதால் உணவில் உள்ள இரும்பும் பி12-ம் சரியாக உடம்பில் சேராது. மாதவிடாயில் ரத்தம் போகிறது, வயிற்றிலும் கசியலாம், வர வேண்டிய இரும்பும் வந்து சேருவதில்லை. தனித்தனி டாக்டர்களிடம் தனித்தனித் தொந்தரவாகச் சொன்னதால் இந்தத் தொடர்பு யார் கண்ணிலும் படவில்லை.

செட்டு மாத்திரையைப் புதிதாக வாங்காதீர்கள். மாதத்தில் ஓரிரு நாள் போட்டிருந்தால் நிறுத்திவிடலாம். வாரக்கணக்கில் தொடர்ந்து போட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவது ஆபத்து; மீதமுள்ள மாத்திரைகளைக் கவரோடு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். தேவைப்பட்டால் காலை 8 மணி வாக்கில் அட்ரினல் சுரக்கும் கார்டிசாலை ரத்தத்தில் பார்த்து, அளவைப் படிப்படியாகக் குறைப்பார். கேஸ் மாத்திரையையும் அவரிடம் கேட்டுவிட்டே நிறுத்துங்கள்.

பயோட்டினில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் அளவு அதிகம். ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால், சில ஆய்வகக் கருவிகளில் டிஎஸ்எச் (தைராய்டு குறைவாகச் சுரந்தால் ஏறும் எண்) உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். தைராய்டு குறைவாகச் சுரக்கும் ஒருவருக்கு ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வர இது ஒரு வழி. உங்கள் டிஎஸ்எச் 2.8 சரியாகவே இருக்கலாம். ஆனால் பயோட்டினை 3 நாள் நிறுத்திவிட்டு ஒருமுறை மறுபடி எடுக்காமல் அதை நான் நம்ப மாட்டேன்.

ஃபெரிட்டினும் டிஎஸ்எச்சும் எடுக்கும்போதே பி12, வைட்டமின் டி, மூன்று மாதச் சர்க்கரை சராசரி, சிறுநீரக, கல்லீரல் பரிசோதனைகளையும் முடித்துவிடலாம். லூபஸ், மூட்டுவாதம் போன்ற நோய்களுக்காகப் பார்க்கும் ஏஎன்ஏ, ஆர்ஏ ஃபேக்டர் போன்றவற்றை நீங்களாக லேபுக்குப் போய் எடுக்க வேண்டாம். நோயே இல்லாத பலருக்கும் அவை பாசிட்டிவ் காட்டும். பிறகு அந்த ஒரு வார்த்தையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும். மூட்டு வீங்கியிருந்தால், காலையில் விரல்களை மடக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனால், கன்னத்தில் வெயில் பட்டுத் தடிப்பு வந்தால், வாய்ப்புண் அடிக்கடி வந்தால் அப்போது அந்தப் பரிசோதனைகளுக்கு அர்த்தம் உண்டு. இந்த அசதியும் வலியும் தொடங்குவதற்கு முன்பு சிக்குன்குன்யாவோ கோவிடோ வந்ததா என்றும் யோசித்துப் பாருங்கள். சிக்குன்குன்யாவின் மூட்டுவலி மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கும். இரவில் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் பெண்களில் அசதியாக மட்டுமே தெரிவது உண்டு.

‘டென்ஷன்’ என்று சொன்ன டாக்டரைப் பற்றி. மனச்சோர்வு உடல்வலியாகவும் அசதியாகவும் வெளிப்படுவது உண்மை. அதுவும் நிஜமான நோய், அதற்கும் சிகிச்சை உண்டு. அதைக் கண்டறியவும் கேள்விகள் கேட்க வேண்டும். தூக்கம் எப்படி, பசி எப்படி, பிடித்த வேலைகளில் ஆசை போய்விட்டதா, வாழ வேண்டாம் என்ற எண்ணம் வருகிறதா என்றெல்லாம் உட்கார்ந்து விசாரிக்காமல் ‘டென்ஷன்’ என்று சொன்னால், அவர் நோயைக் கண்டுபிடிக்கவில்லை, உங்களை வெளியே அனுப்புகிறார். வீட்டில் யாரும் நம்பாமல் ஒன்றரை வருடம் வலியோடு வேலைக்குப் போய்வந்தவருக்கு மனம் சோர்வதும் இயல்புதான். பேச ஆள் வேண்டும் என்று தோன்றினால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே கட்டணமில்லாமல் பேசலாம். அதைச் செய்வதால் உடம்பின் பரிசோதனைகளைக் கைவிட வேண்டும் என்றில்லை.

இந்தப் பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருந்து, மூன்று மாதத்துக்கு மேலாக உடம்பு முழுக்க வலி, அசதி, தூங்கி எழுந்தும் தெளிவின்மை என்றால் ஃபைப்ரோமயால்ஜியாவை யோசிக்க வேண்டும். எந்த ரத்தப் பரிசோதனையிலும் அது தெரியாது. கேட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். சிறிது வேலை செய்தாலும் மறுநாள் எழவே முடியாமல் படுத்துவிடுகிறீர்கள் என்றால் அது வேறு வகை. அதைத் தவறாமல் சொல்லுங்கள். அத்தகையவர்களை ‘நடங்க, எக்சர்சைஸ் பண்ணுங்க’ என்று விரட்டுவது கெடுதல் செய்யும்.

யாரிடம் போவது என்று கேட்டீர்கள். ஐந்தாவதாக ஒரு புது டாக்டரைத் தேடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம். நான்கு பேரில் கொஞ்சமாவது காதுகொடுத்துக் கேட்டவர் யாரோ, அவரிடமே திரும்பப் போங்கள். அப்படி ஒருவரும் இல்லையென்றால் ஒரு பொது மருத்துவரை, எம்.டி. படித்தவராக, தேர்ந்தெடுத்து அவரிடமே தொடருங்கள். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். இருந்தால் உங்கள் பகுதி இ.எஸ்.ஐ. மருந்தகம் வழியாகக் கோவை சிங்காநல்லூரில் உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனை வரை போகலாம். பரிசோதனைக்கும் மருந்துக்கும் கையிலிருந்து செலவில்லை. இல்லையென்றால் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவு.

ஓபியில் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். பிளாஸ்டிக் பை நிறைய ரிப்போர்ட்டைக் கொட்டினால் அந்த ஐந்து நிமிடமும் அதைப் புரட்டுவதில் போய்விடும். ஒரே ஒரு தாளில் இப்படி எழுதிக்கொண்டு போங்கள்: ‘ஒன்றரை வருடமாக அசதி, உடல்வலி. முன்பு நிற்காமல் இரண்டு மாடி ஏறுவேன். இப்போது முதல் மாடியிலேயே நிற்கிறேன். மாதத்தில் இத்தனை நாள் லீவு போடுகிறேன். மாதவிடாய் 8 நாள், ஒரு நாளைக்கு இத்தனை பேட். எம்சிவி 77, ஆர்டிடபிள்யூ 16.8; ஃபெரிட்டின் எடுக்கவில்லை. சாப்பிடும் மாத்திரைகள்: இவை.’ வலிக்கிறது என்பதைவிட எந்த வேலை நின்றுபோனது என்று சொன்னால் டாக்டருக்கு உடனே உறைக்கும். பேசத் தயக்கமாக இருந்தால் உங்களை நம்பும் ஒருவரைத் துணைக்குக் கூட்டிப்போங்கள்.

எழுந்து வருவதற்கு முன் கேளுங்கள்: ‘டாக்டர், இது என்னவா இருக்கும்னு நினைக்கிறீங்க? இந்த மருந்துல சரியாகலைன்னா அடுத்து என்ன பார்ப்பீங்க? நான் எப்ப திரும்ப வரணும்?’ மரியாதைக் குறைவாக இதில் எதுவும் இல்லை. எங்காவது அட்மிட் ஆகியிருந்தால் அந்தப் பதிவேடுகளைக் கேட்டு வாங்குங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி, நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தர வேண்டும்.

இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் டீ, காபியோடு சேர்க்காதீர்கள். முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். வயிற்றைப் புரட்டினால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று கேளுங்கள். அப்படிப் போட்டாலும் நன்றாகச் சேரும். மலம் கறுப்பது மாத்திரையால்தான். சில வாரங்களில் தெம்பு திரும்புவது தெரியும், ஆனால் சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதமாவது ஆகும். முடி அதற்கும் பிறகுதான் தேறும்.

இரும்பு மாத்திரை போடாதபோதே மலம் தார்போல் கறுத்தால், முயற்சி இல்லாமல் எடை குறைந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ மாலைக் காய்ச்சலோ இருந்தால் ஓபி தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே போய்க் காட்டுங்கள். நெஞ்சுவலி, படுத்தால் மூச்சுத் திணறல், மயக்கம் என்றால் வீட்டில் யார் என்ன சொன்னாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.