சாவியைக் கீழே வையுங்கள்: வலிப்பு பற்றி வாசகர் கேள்விகள்

வலிப்பு நோய் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தோம். நெல்லைச் சீமையிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "தயவுசெய்து பெயரைப் போட்டுவிடாதீர்கள்" என்றுதான் முடிகின்றன. போடவில்லை, ஊர் மட்டும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆயிரம் பேரில் 4 முதல் 10 பேருக்கு இந்த நோய் இருக்கும். மூவாயிரம் பேர் உள்ள ஊர் என்றால் குறைந்தது ஒரு பன்னிரண்டு பேர். உங்கள் ஊரில் யாருக்கு இருக்கிறது என்று கேட்டால், கடைத்தெருவில் விழுந்து எழுந்த ஒருவரைச் சொல்வீர்கள். மிச்சப் பேர் வீட்டுக்குள் மறைத்து வைத்து மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அல்லது மாத்திரையும் போடாமல் இருக்கிறார்கள். இந்தக் கடிதங்களைப் படிக்கப் படிக்க எனக்கு நோயைவிட அந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றித்தான் கவலை.

கேள்வி: வண்ணாரப்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒருத்தருக்குக் காக்கா வலிப்பு வந்துவிட்டது. என் வண்டிச் சாவியைக் கையில் திணித்தேன், கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. வீட்டில் வந்து சொன்னால் காலேஜ் படிக்கும் என் மகன், "எப்பா, அதெல்லாம் சும்மா" என்று சண்டைக்கு வருகிறான். யார் சொல்வது சரி? (முக்கூடல்)

பதில்: உங்கள் மகன் சொல்வதுதான் சரி அண்ணாச்சி. பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். கூட்டம் கூடி, "ஏல, இரும்பு ஏதாச்சும் கொண்டாங்கல" என்று யாரோ சத்தம் போட்டு, ஒருத்தர் பையைத் துழாவிச் சாவியை எடுத்து, இறுகிக் கிடக்கும் விரல்களைப் பிரித்து உள்ளே வைப்பதற்குள் அந்த நேரம் ஓடிவிடுகிறது. பேர் சாவிக்குப் போய்விடுகிறது. மூளையில் உள்ள நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் கட்டுப்பாடில்லாமல் மின்துடிப்பைக் கிளப்புவதால் வருவது வலிப்பு, கையில் இருக்கும் இரும்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சாவியால் உள்ளங்கை கிழிந்து தையல் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கடித்துக்கொள்ளக் கூடாதே என்று பல்லுக்கு இடையில் கரண்டியை நெம்பி, முன்பல் இரண்டும் போய் வந்த பெண்ணையும் பார்த்திருக்கிறேன். நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது. ஓரத்தில் கடித்துக்கொண்டாலும் அந்தப் புண் ஆறிவிடும், பல் திரும்ப வராது.

அடுத்த முறை உங்கள் தோளில் கிடக்கும் துண்டை மடித்து அவர் தலைக்கு அடியில் வையுங்கள். பக்கத்தில் கல், சாக்கடை, வண்டி ஏதாவது இருந்தால் விலக்கிவிட்டு, கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். கையைக் காலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். துடிப்பு குறைந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் தானாக வெளியே வடிந்துவிடும். அந்த நுரை வெறும் எச்சில்தான், தொட்டால் யாருக்கும் ஒட்டாது. கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலேயே அடுத்தது வந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ, தண்ணீருக்குள் வந்திருந்தாலோ, அடி பட்டிருந்தாலோ, இதுதான் முதல் தடவை என்று தெரிந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். சோடா, தண்ணீர் எதையும் முழு நினைவு வரும்வரை வாயில் ஊற்றக் கூடாது.

அப்புறம் ஒரு விஷயம், இதை யாரும் சொல்வதில்லை. வலிப்பில் சிலருக்குச் சிறுநீர் போய்விடும். கண் விழிக்கும்போது ஐம்பது பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், வேட்டி நனைந்திருக்கிறது, தான் எங்கே கிடக்கிறோம் என்றே புரியவில்லை. அந்த மனுஷனை நினைத்துப் பாருங்கள். இடுப்பில் ஒரு துண்டைப் போட்டு மூடி, கூட்டத்தைக் கலைத்துவிட்டு, "ஒண்ணுமில்ல, வண்ணாரப்பேட்டையில இருக்கீங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்று சொல்லுங்கள். சாவி செய்யாத உதவி அது.

கேள்வி: என் மகளுக்கு 24 வயது, பி.எட். முடித்திருக்கிறாள். எட்டாம் வகுப்பு படிக்கும்போது வலிப்பு வந்தது, மாத்திரையில் இருக்கிறாள், மூன்று வருடமாக ஒன்றும் இல்லை. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து நல்ல இடம் வந்திருக்கிறது. "வாயைத் திறந்துடாத மதினி, கல்யாணம் ஆனா தன்னால சரியாயிரும்" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். சொன்னால் இந்த இடம் போய்விடும், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் போய்விடும். என்ன செய்ய? (வீரவநல்லூர்)

பதில்: சொல்லுங்கள் அம்மா. நிச்சயதாம்பூலத்துக்கு முன்பே சொல்லுங்கள். கல்யாணத்தால் வலிப்பு சரியாகும் என்பது பொய், அதை நம்பி எத்தனையோ பெண்களின் வாழ்க்கை கெட்டிருக்கிறது.

மறைத்துக் கல்யாணம் செய்தால் என்ன நடக்கிறது என்பதை நான் பார்த்த வரையில் சொல்கிறேன். மாத்திரை அட்டையைப் பிரித்துச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு, சேலை மடிப்புக்குள் வைத்து அனுப்புகிறார்கள். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி தூக்கம் இல்லை, விடிகாலை முகூர்த்தம், அன்றைக்கும் தூக்கம் இல்லை, மறுவீடு, விருந்து, கோயில் என்று ஊர் ஊராக அலைச்சல். புது வீட்டில் நாலு பேர் கண்ணெதிரே மாத்திரை போடப் பயந்து முதல் நாள் விடுகிறாள், மறுநாளும் விடுகிறாள். தூக்கம் கெட்டு மாத்திரையும் நின்றால், மூன்று வருடம் வராத வலிப்பு மூன்றாம் நாள் மாமியார் வீட்டு அடுப்படியில் வந்துவிடும். அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் பேச்சு எடுபடாது. நோயைப் பொறுத்துக்கொள்கிற குடும்பங்கள்கூட ஏமாற்றிவிட்டார்கள் என்பதைப் பொறுத்துக்கொள்வதில்லை.

சட்டம் உங்கள் மகள் பக்கம் இருக்கிறது. 1976இல் இந்து திருமணச் சட்டத்தில், அடிக்கடி வலிப்பு வருகிறவர்களை மனநோயாளிகளோடு சேர்த்து, திருமணத்துக்குத் தகுதி இல்லாதவர்கள் என்று எழுதி வைத்திருந்தார்கள். மருத்துவர்களும் நோயாளிகளின் குடும்பங்களும் போராடி, 1999இல் அது நீக்கப்பட்டது. இன்றைக்கு வலிப்பு இருக்கிறது என்ற ஒரே காரணத்தைக் காட்டி அந்தத் திருமணம் செல்லாது என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் முக்கியமான ஒன்றை மறைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று வழக்குப் போட இன்னமும் வழி இருக்கிறது. அந்த வழியை நீங்களே திறந்து கொடுக்காதீர்கள்.

எப்படிச் சொல்வது என்றால், தரகர் மூலமாகச் சொல்லாதீர்கள். மாப்பிள்ளையையும் அவர் வீட்டில் பேசக்கூடிய ஒருவரையும், அது ஆச்சியாகவே இருந்தாலும் சரி, உங்கள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளைக்கு வருமா என்று கேட்பார்கள். பெரும்பாலும் வராது, சில வகைகளில் மட்டும் மற்றவர்களைவிட வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல். குழந்தை பெற முடியுமா என்று கேட்பார்கள். வலிப்பு உள்ள பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் நல்லபடியாகப் பெற்றுக்கொள்கிறார்கள், தாய்ப்பாலும் கொடுக்கலாம். உங்கள் மகள் எடுப்பது வால்ப்ரோயேட் மாத்திரையா என்று மட்டும் இப்போதே பாருங்கள். கருவில் இருக்கும் குழந்தைக்கு அது கெடுதல் செய்யக்கூடியது, வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்பதைக் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டர் முடிவு செய்ய வேண்டும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் முன்கூட்டியே தொடங்க வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். பார்த்தீர்களா, மறைத்து வைத்தால் இதில் ஒன்றையாவது உங்களால் செய்ய முடியுமா?

இந்த இடம் போனால் போகட்டும். மாத்திரையை எல்லார் முன்னாலும் போட்டுக்கொண்டு வாழக்கூடிய ஒரு வீடுதான் உங்கள் மகளுக்கு வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. என் தம்பிக்கு வலிப்பு வந்து ஸ்கேன் எடுத்ததில், பன்றிக்கறியில் வரும் நாடாப்புழு மூளையில் கட்டியாக இருக்கிறது என்கிறார்கள். எங்கள் அம்மை அவனை, "எங்கடா போய்த் தின்னே" என்று அழுது தீர்க்கிறாள். (அம்பாசமுத்திரம்)

பதில்: உங்கள் தம்பி எங்கேயும் போய் எதையும் தின்னவில்லை, அம்மையிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். சரியாக வேகாத பன்றிக்கறியைச் சாப்பிட்டால் குடலில்தான் புழு வளரும். மூளைக்குப் போவது அந்தப் புழுவின் முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு. குடலில் புழு உள்ள மனிதரின் மலத்தில் முட்டை வெளியேறும், அது மண்ணிலும் தண்ணீரிலும் கலந்து, கழுவாத கீரை, கொத்தமல்லி, கேரட் வழியாகவோ, சமைக்கிறவர் கை வழியாகவோ நம் வயிற்றுக்குள் போய்விடும். சுத்த சைவக்காரர்களுக்கும் வரும், நம் நாட்டில் வலிப்புக்கு இது முக்கியமான ஒரு காரணம். பெரும்பாலும் குணமாகிறது. ஆனால் பூச்சி மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். கட்டி அழியும்போது மூளை வீங்கக்கூடும், அதற்கான மருந்தையும் சேர்த்துத்தான் டாக்டர் தருவார்.

கேள்வி: நான்காம் வகுப்பு ஆசிரியை நான். ஒரு பிள்ளை பாடத்தின் நடுவே திடீர் திடீரென்று வெறித்துப் பார்க்கிறாள், கூப்பிட்டால் காதில் விழவில்லை, பிறகு ஒன்றும் நடக்காததுபோல எழுதுகிறாள். (களக்காடு)

பதில்: அடிக்காதீர்கள் டீச்சர், கவனித்து எழுதினீர்களே, அதற்கே நன்றி. விழுந்து துடித்தால்தான் வலிப்பு என்றில்லை. பத்து இருபது விநாடி அப்படியே உறைந்து நிற்பதும் ஒரு வகை, ஒரு நாளைக்குப் பல தடவை வரும், "பராக்குப் பார்க்கிறாள்" என்று பிள்ளைக்கு மார்க்கும் குறையும், அடியும் விழும். எத்தனை தடவை வருகிறது, கண் சிமிட்டுகிறாளா என்று குறித்து வைத்து, முடிந்தால் போனில் ஒரு வீடியோ எடுத்து அப்பா அம்மாவிடம் தனியாகக் கொடுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லுங்கள், அங்கே மாத்திரைக்குக் காசு இல்லை. இந்த வகை வலிப்பு, மருந்துக்கு நன்றாகக் கேட்கும்.

கேள்வி: எனக்கு 19 வயது. காலையில் எழுந்ததும் கை வெட்டி வெட்டி இழுக்கும், காபித் தம்ளரே பறந்துவிடும். எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் ராத்திரி முழுக்க முழித்திருந்தேன், விடிந்ததும் விழுந்துவிட்டேனாம். சாமி குற்றம் என்று வீட்டில் குறி கேட்கப் போகிறார்கள். (சேரன்மகாதேவி)

பதில்: தம்பி, கணியான் கூத்தும் சாமக்கொடையும் விடிய விடிய நடக்கும், யாருக்குத்தான் தூங்க மனசு வரும். சாமியாடுகிறவருக்கு மேளம் கேட்கும், திருநீறு பூசினால் இறங்குவார். வலிப்புக்கு மேளமும் கேட்காது, திருநீறும் தெரியாது. காலையில் கை வெட்டி இழுப்பதும், தூக்கம் கெட்டால் விழுவதும், உங்கள் வயதில் தொடங்கும் ஒரு வகை வலிப்பின் அடையாளம். அந்தத் தம்ளர் விஷயத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அதைச் சொன்னால்தான் எந்த மருந்து என்று முடிவு செய்ய முடியும். பல பேருக்கு மாத்திரை போடும்வரை ஒன்றும் வராது, நிறுத்தினால் திரும்ப வரும், அதனால் பல வருடம் போட வேண்டியிருக்கும். வீட்டார் கோயிலுக்குப் போகட்டும், தடுக்க வேண்டாம். அதே நாளில் டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.

டாக்டர் சொல்லும்வரை பைக்கை எடுக்காதீர்கள். லைசென்ஸ் எடுக்கும்போது கொடுக்கும் உறுதிமொழிப் படிவத்திலேயே வலிப்பு உண்டா என்று கேட்கிறார்கள், அதில் பொய் எழுதாதீர்கள். ஆற்றில் தனியாக இறங்காதீர்கள், முழங்கால் தண்ணீரில் முகம் கவிழ்ந்து விழுந்தாலும் போதும், உயிர் போய்விடும். கூட வரும் கூட்டாளிகளில் இரண்டு பேரிடமாவது விஷயத்தைச் சொல்லி, வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் காட்டிக் கொடுங்கள். முக்கூடல் அண்ணாச்சிக்கு எழுதிய பதிலை அவர்களுக்கு அனுப்பினாலும் சரி.