நாலு முறை படித்தும் பரீட்சையில் ஏன் வரமாட்டேன் என்கிறது?

கேள்வி: நான் பிளஸ் ஒன் படிக்கிறேன், தமிழ் வழி. உயிரியலுக்காகவே விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஒவ்வொரு பாடத்தையும் நாலைந்து முறை வாசிக்கிறேன். முக்கியமான வரிகளுக்கெல்லாம் கலர் அடித்து வைத்திருக்கிறேன். படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அரையாண்டுத் தேர்வில் சிறுநீரகத்தில் உள்ள நெஃப்ரான் என்ற நுண்வடிகட்டியின் படம் வரைந்து விளக்கச் சொன்னதும் பாதிப் பாகங்களின் பெயர்கூட ஞாபகம் வரவில்லை. 70-க்கு 31 வாங்கினேன். உனக்கு மனப்பாட சக்தி குறைவு, உயிரியல் உனக்கு வராது என்கிறாள் அக்கா. உண்மையா?
- ஒரு மாணவி, தேனி மாவட்டம்

பதில்: அக்கா சொன்னதை முதலில் ஓரமாக வைத்துவிடும்மா. உனக்கு ஞாபக சக்தி குறைவு என்று நினைக்க உன் கடிதத்தில் ஒரு காரணமும் இல்லை. நாலைந்து முறை வாசித்ததாக எழுதியிருக்கிறாய், கலர் அடித்ததாக எழுதியிருக்கிறாய், ஆனால் ஒரு தடவையாவது புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை வெறும் தாளில் எழுதிப் பார்த்தாயா என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. கோளாறு அங்கேதான்.

திரும்பத் திரும்பப் பார்க்கிற பக்கம் கண்ணுக்குப் பழகிவிடும், பழகியதும் ‘இது எனக்குத் தெரியும்’ என்று மனசு சொல்லிவிடும். தினமும் பஸ்ஸில் பார்க்கிற கண்டக்டரை எந்தக் கூட்டத்திலும் அடையாளம் கண்டுபிடித்துவிடுவாய், அவர் முகத்தை வரைந்து காட்டு என்றால் முடியுமா? தேர்வு கேட்பது அந்த இரண்டாவது வேலையை. நீ இத்தனை நாளாகப் பழகியது முதல் வேலையை மட்டும்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு அது. கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்து, சிலரை அதையே இன்னொரு முறை படிக்கச் சொன்னார்கள், சிலரைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு ஏறக்குறைய 56 சதவீதம் நினைவிருந்தது, மறுபடி படித்தவர்களுக்கு 42. விடியற்காலையில் உனக்கு எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறதே, அது அந்த ஐந்தாவது நிமிடம்.

சரி, உன்னைத் தடுமாற வைத்த நெஃப்ரானையே எடுத்துக்கொள்வோம். பௌமானின் கிண்ணம், அண்மைச் சுருள் நுண்குழல், ஹென்லே வளைவு, சேய்மைச் சுருள் நுண்குழல், சேகரிப்பு நாளம் என்று பெயர்களை மட்டும் வரிசையாக ஒப்பிக்கப் பார்த்தால் யாருக்குமே நிற்காது. அதற்குப் பதிலாக ஒரு கேள்வியோடு பாடத்துக்குள் போ. நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன, வெளியே போவதோ ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதியெல்லாம் எங்கே போயிற்று? இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் குழலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வேலை இருப்பது தெரியும். அண்மைச் சுருளில் குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் கிட்டத்தட்ட முழுவதுமாக, நீரிலும் பெரும்பங்கு, இரத்தத்துக்குத் திரும்பிவிடுகின்றன. ஹென்லே வளைவின் கீழிறங்கு தூம்பு நீரை வெளியே விடும், மேலேறு தூம்பு நீரை விடாது, உப்பைத்தான் விடும். கடைசியில் சேகரிப்பு நாளத்தில் எவ்வளவு நீர் மீட்கப்படும் என்பது உடலில் நீரைத் தக்கவைக்கும் ஏடிஹெச் என்ற ஹார்மோனைப் பொறுத்தது. சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்துவிட்டு வந்தால் சிறுநீர் ஏன் அடர் மஞ்சளாகப் போகிறது என்று இப்போது நீயே சொல்லலாம். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவருக்குச் சிறுநீரில் சர்க்கரை ஏன் வருகிறது என்றும் யோசித்துப் பார், விடை அண்மைச் சுருளில் இருக்கிறது.

அப்புறம் புத்தகத்தை மூடு. நிஜமாகவே மூடிப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு வா. வெள்ளைத் தாளில் படத்தை வரைந்து, பாகங்களைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் வேலையை ஒரு வரியில் எழுது. முதல் தடவை பாதிதான் வரும், அதுவும் தப்பும் தவறுமாக. அந்தத் திணறல்தான் படிப்பு, அதனால் பயந்து உடனே புத்தகத்தைத் திறந்துவிடாதே, இரண்டு நிமிடமாவது முட்டி மோதிப் பார். பிறகு திறந்து, விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவால் எழுது. மறுநாள் புதுத்தாள். பிறகு மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து. ஒரே ராத்திரியில் நாலு முறை வரைவதைவிட இப்படி இடைவெளி விட்டு நாலு முறை வரைவது நெடுநாள் நிற்கும். கொஞ்சம் மறந்துபோன பிறகு தேடி எடுக்கும்போதுதான் நினைவு கெட்டிப்படுகிறது.

தாவரவியலில் பாதியைக் கையால் தொட்டே படிக்கலாம், இதை ஏன் பிள்ளைகள் செய்வதில்லை என்று எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. சூல் ஒட்டு முறை, அதாவது விதையாகப்போகும் சூல்கள் சூலகத்துக்குள் ஒட்டியிருக்கும் விதம், உனக்குக் குழப்பமா? அம்மாவிடம் ஒரு தக்காளி வாங்கிக் குறுக்கே வெட்டு, நடு அச்சைச் சுற்றி விதைகள் ஒட்டியிருப்பது அச்சு சூல் ஒட்டு முறை. பச்சைப் பட்டாணியை உரித்தால் ஒரு ஓரமாகவே விதைகள் வரிசையாக நிற்கும், அது விளிம்பு. வெள்ளரியில் விதைகள் சுவரோடு ஒட்டியிருக்கும், அது சுவர் சூல் ஒட்டு முறை. கத்தரிப்பூ ஒன்றைப் பறித்து அல்லியை, அதாவது அதன் இதழ் வட்டத்தை, மெதுவாக உருவினால் ஐந்து மகரந்தத்தாள்களும் கூடவே வந்துவிடும், கத்தரி சேர்ந்த சொலானேசி குடும்பத்தில் அவை அல்லியோடு ஒட்டியிருப்பதைக் கண்ணால் பார்த்தவள் தேர்வில் மாற்றி எழுதமாட்டாள்.

மைட்டாசிஸ், மியாசிஸ் என்ற இரண்டு வகைச் செல் பிரிதல்கள் மாதிரி ஒன்றோடொன்று குழம்பும் பாடங்களைத் தனித்தனியாகப் படிக்காதே. இரண்டையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக வரை. மியாசிஸின் முதல் பிரிவில் ஒத்த குரோமோசோம்கள் பிரிகின்றன, இரண்டாவதில்தான் மைட்டாசிஸில் நடப்பதுபோலச் சகோதரி குரோமாட்டிடுகள் பிரிகின்றன. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் மனிதச் செல்லின் 46 குரோமோசோம்கள் எப்படி 23 ஆகின்றன என்பதும் பிடிபடும்.

கலர் பேனா வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் முதல் வாசிப்பில் தொடாதே, எழுதிப் பார்த்து விட்டுப்போன வரிக்கு மட்டும் அடி. புக் பேக் கேள்விகளைப் பாடம் முடிந்த பிறகு என்று ஒதுக்காமல், படிக்கத் தொடங்கும் முன்பே ஒரு முறை பார்த்துவிடு. ரெக்கார்ட் நோட்டுக்குப் படம் வரையும்போது அதைப் பார்த்துப் பார்த்து நிழல் போட்டு அழகாக்குவதில் ஒரு மாலை முழுக்கப் போய்விடும். தேர்வுக்குப் பழகும் படத்துக்கு அவ்வளவு அழகு தேவையில்லை, பென்சில் கோடும் சரியான பாகக் குறிப்பும் போதும்.

நாலு மணிக்கு எழுவதைப் பற்றியும் ஒன்று. எத்தனை மணிக்குப் படுக்கிறாய் என்று நீ எழுதவில்லை. பதினொன்றரைக்குப் படுத்து நாலுக்கு எழுகிறாய் என்றால் தயவுசெய்து நிறுத்திவிடு. பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்திக்கொள்வதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு, அதை வெட்டி இன்னொரு வாசிப்புக்குக் கொடுப்பதில் உனக்கு நஷ்டம்தான். உன் வயதுக்கு எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். அக்காவுக்கும் ஒரு வேலை கொடு: ராத்திரி சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்து, உன் புத்தகத்தை அவள் கையில் வைத்துக்கொண்டு, படத்துக்குக் கீழே இருக்கிற பாகங்களை ஒவ்வொன்றாகக் கேட்கட்டும், நீ பார்க்காமல் சொல்லு.