கையில் இருந்த கேமராவைக் கோடாக் ஏன் நம்பவில்லை?

கேள்வி: முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்ததும் கோடாக்தான், டிஜிட்டலால் திவாலானதும் கோடாக்தான் என்று படித்தேன். கண்டுபிடித்தவர்களே அதை ஏற்கத் தயங்கியதற்குத் தலைவர்களின் அறியாமைதான் காரணமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் நடந்தவற்றோடு அது பொருந்தவில்லை. 1975-இல் ரோச்செஸ்டர் நகரில் ஸ்டீவ் சாசன் என்ற இளம் பொறியாளர் கோடாக்குக்காக உருவாக்கிய கருவி ஏறத்தாழ 3.6 கிலோ எடை கொண்டிருந்தது. வெறும் 10,000 புள்ளிகளால் ஆன ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. அந்தப் படத்தைத் தொலைக்காட்சித் திரையில் கண்ட நிர்வாகிகளுக்கு, தம் புகைப்படத்தைத் திரையில் பார்க்க யார் விரும்புவார்கள் என்ற ஐயம்தான் முதலில் எழுந்தது. ஃபிலிமும், அதைக் கழுவும் ரசாயனமும், பிரிண்ட் போடும் தாளுமே கோடாக்குக்குப் பணம் கொடுத்தவை; கேமரா அவற்றை விற்பதற்கான வாசல் மட்டுமே. இந்தக் கணக்குக்குப் பழகியவர்களின் கண்ணுக்கு, ஃபிலிமே தேவைப்படாத கேமரா ஒரு பொருளாகவே தெரியவில்லை.

அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள் என்பதும் சரியன்று. டிஜிட்டல் ஆய்வுக்குப் பெருந்தொகை செலவிட்டார்கள். 2005-இல் அமெரிக்க டிஜிட்டல் கேமரா விற்பனையில் முதலிடத்திலும் இருந்தார்கள். ஆனால் 1992-இல் வெளியிட்ட ஃபோட்டோ சிடியைப் பாருங்கள்: ஃபிலிமில் எடுத்த படங்களைக் குறுந்தகட்டில் ஏற்றித் தருவது அதன் வேலை. புதிய தொழில்நுட்பம் வரலாம், ஆனால் ஃபிலிமுக்குப் பணிவிடை செய்ய வர வேண்டும் என்ற எண்ணம் அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. 2012 ஜனவரியில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் சென்றது.

ஜப்பானின் ஃபியூஜி ஃபிலிமும் இதே சரிவைச் சந்தித்தது. 2000-இல் அதன் தலைவரான ஷிகெடாகா கொமோரி நிறுவனத்தை ஃபிலிம் விற்பவராகப் பார்க்காமல், மெல்லிய படலங்களையும் நுண்ணிய வேதியியலையும் கையாளத் தெரிந்தவராகப் பார்த்தார். அந்தப் பார்வையிலிருந்துதான் எல்சிடி திரைகளுக்கான பாதுகாப்புப் படலம் பெருந்தொழிலாக வளர்ந்தது. படம் மங்காமல் காக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பு அறிவும் ஃபிலிமின் ஜெலட்டினுக்கு மூலமான கொலாஜனைப் பற்றிய அறிவும் 2007-இல் சருமப் பூச்சுகளாக மாறின. கொமோரி ஒருவரையே புகழ்வதும் எனக்கு உவப்பானதன்று. ஜெராக்ஸுடனான கூட்டுத் தொழில் 1962-லேயே தொடங்கியிருந்ததால் ஃபியூஜிக்கு வேறு கால்களும் இருந்தன. கோடாக்கோ தன் வேதியியல் பிரிவை 1994-இல் தனி நிறுவனமாகப் பிரித்து அனுப்பிவிட்டிருந்தது.

கேள்வி: அப்படியானால், புதியதை ஆபத்தாகக் கருதி அஞ்சும் தலைவர் விரைந்து மாறிவிடுவார் அல்லவா?
— வாசகர், ஈரோடு

பதில்: பாதி உண்மை. இணையம் வந்தபோது அமெரிக்க நாளிதழ்கள் நடந்துகொண்ட விதத்தை ஆராய்ந்து நிர்வாகவியல் ஆய்வாளர் கிளார்க் கில்பர்ட் 2005-இல் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல விடை தருகிறது. இணையத்தை அச்சுறுத்தலாகக் கண்ட நிர்வாகங்கள் பணப்பையைத் தயங்காமல் திறந்தன. ஆனால் அதே அச்சம் அதிகாரத்தைத் தலைமையிடத்தில் குவித்து, பழகிய வழக்கங்களை மேலும் இறுக்கியது. செலவு புதியதற்கு, செயல்முறை பழையதற்கு என்றாகி, அச்சில் வந்த பக்கங்களே ஏறக்குறைய அப்படியே இணையத்தில் ஏறின. இணையப் பிரிவைத் தனியே பிரித்து, வெளியாரையும் அதில் சேர்த்து, அதை வாய்ப்பாகப் பார்க்க விட்ட இதழ்களில்தான் அச்சிதழில் இல்லாத சேவைகளும் வேறு வகை விளம்பர வருவாயும் உருவாயின. இதில் கவனிக்க வேண்டியது, பணம் ஒதுக்கும் தாய் நிறுவனத்துக்கு ஆபத்தாகத் தெரிந்த அதே இணையம், பிரித்து வைக்கப்பட்ட சிறு குழுவுக்கு வாய்ப்பாகத் தெரிந்தது என்பதுதான்.