பழைய மியாட்டாவின் ஆயில் கசிவும் தேய்மானமும்: கேள்வி பதில்

முதல் தலைமுறை மஸ்டா மியாட்டா கார் (1989–97) வைத்திருப்பவர்களின் கேள்விகள் இவை. பெரும்பாலானவை கசிவைப் பற்றியவை.

கேள்வி: என்னுடையது 1.6 லிட்டர் என்ஜின். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டுகிறது. கிராங்க் ஷாஃப்டின் பின் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும் என்கிறார் மெக்கானிக். சம்மதிக்கலாமா?

இப்போதே தலையாட்டிவிடாதீர்கள். பின் சீல் என்பது என்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் வளையம். இந்தக் காரில் அதன் மீது விழும் பழி பல நேரம் அநியாயமானது. பானெட்டைத் திறந்து, ஹெட்டின் (என்ஜினின் மேல் பகுதி) பின்முனையைப் பாருங்கள். அங்கே, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் சுழற்சியைக் கவனிக்கும் கேம் ஆங்கிள் சென்சார் இருக்கிறது. அதன் கழுத்தில் ஒரு சின்ன ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம். ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்து, வளையாமல், தொட்டாலே ஒடிகிற அளவுக்குக் கெட்டிப்பட்டுவிடும். அங்கிருந்து கசியும் ஆயில் ஹெட்டின் முதுகு வழியாக இறங்கி, கிளட்ச் கூட்டின் மேல் வழிந்து, அடியில் சொட்டும். காருக்கு அடியில் படுத்துப் பார்ப்பவருக்குப் பின் சீல்தான் குற்றவாளியாகத் தெரியும்.

சென்சாருக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. பிறகு என்ஜின் முழுவதையும் கழுவிக் காயவைத்து, கொஞ்சம் ஓட்டிவிட்டு, ஈரத்தின் மிக உயரமான இடம் எது என்று தேடுங்கள். ஆயில் கீழே இறங்கும், காற்றில் பின்னோக்கிப் பரவும், மேலே ஏறாது. சொட்டுவதை முகர்ந்தும் பாருங்கள்: கந்தக நெடி அடித்தால் அது கியர் ஆயில், தேட வேண்டிய இடமே வேறு.

ஓ-ரிங் மாற்றுவது எளிது. சென்சாரைத் திருப்பினால் இக்னிஷன் டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்) மாறும் என்பதால், கழற்றும் முன் அதன் மேலும் ஹெட்டின் மேலும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். பழைய ரிங்கை நெம்பி எடுத்து, புதியதில் ஆயில் தடவி மாட்டி, கோட்டோடு கோடு பொருத்தி இறுக்குங்கள். டைமிங் லைட்டால் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பின் சீல்தான் என்று உறுதியானால் கியர்பாக்ஸை இறக்குங்கள். இறக்கிய கையோடு கிளட்ச்சையும் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். ஷாஃப்டில் சீல் உரசும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் புதிய சீலும் அதே இடத்தில் கசியும். சீலைச் சற்றே தள்ளி உட்கார வைக்க வேண்டும்.

கேள்வி: வால்வு கவர் கேஸ்கெட் மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை, மறுபடியும் கசிகிறது. இன்னும் இறுக்கலாமா?

கூடாது. ஹெட் அலுமினியம், மரை போய்விட்டால் கேஸ்கெட்டோடு முடிந்திருக்கும் வேலை பெரிதாகிவிடும். முன்னும் பின்னும் கேம் மூடிகள் ஹெட்டோடு சேரும் மூலைகளில் சிலிகான் சீலன்ட் ஒரு பொட்டு வைத்தார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் வைத்திருக்க மாட்டார்கள். என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். கடகடவென்று சத்தம் வராவிட்டால் அடைத்திருக்கிறது. உள்ளே அழுத்தம் கூடினால் எந்த கேஸ்கெட்டும் தாங்காது.

கேள்வி: கெட்டியான ஆயில் ஊற்றினால் கசிவு நிற்குமா? கசிவை நிறுத்தும் மருந்து என்று பாட்டிலில் விற்கிறார்களே?

அந்த மருந்துகளில் பல, ரப்பரை உப்ப வைப்பவை. விறைத்த சீல் சில காலம் அடங்கும். ஒடிந்த ஓ-ரிங்குக்கும் தேய்ந்த ஷாஃப்டுக்கும் அதனால் பயன் இல்லை. கெட்டி ஆயில் கசிவை மெதுவாக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை, பிறகு நின்றுவிடுகிறது. பிஸ்டன் ரிங் போய்விட்டதா?

ரிங் போயிருந்தால் ஆக்சிலரேட்டரை மிதித்து இழுக்கும்போதும் புகைக்கும். நீங்கள் சொல்வது வால்வு தண்டு சீலின் அடையாளம். இரவு முழுக்க ஆயில் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கி, காலையில் எரிகிறது. ஆனாலும் ஊகத்தை நம்பி என்ஜினைப் பிரிக்காதீர்கள், கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை) அளந்து பாருங்கள். என்ஜின் சூடாக இருக்க வேண்டும், எல்லாப் பிளக்குகளையும் கழற்றியிருக்க வேண்டும், த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். ஒரு சிலிண்டர் குறைவாகக் காட்டினால் அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

கேள்வி: மேலே டிக் டிக் என்று ஒரு சத்தம். பேரிங்கா?

சத்தம் மேலிருந்து வந்து, சூடேறியதும் மறைந்தால், ஆயில் அழுத்தத்தால் வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் ஹைட்ராலிக் லிஃப்டர்தான். தவறாமல் ஆயில் மாற்றினாலே பல நேரம் அடங்கும். அடியிலிருந்து கனமான தட்டல் வந்து, சுமை ஏறும்போது கூடி, சூட்டில் ஆயில் அழுத்தமும் இறங்கினால் அது பேரிங். அந்த நொடியே என்ஜினை நிறுத்துங்கள். வீட்டுக்கு ஓட்டிப்போகலாம் என்று நினைத்தால், பேரிங்கை மட்டும் மாற்றி முடிந்திருக்க வேண்டிய வேலை கிராங்க் ஷாஃப்டையும் கேட்கும்.

கேள்வி: ஆரம்பகால மாடல். டைமிங் பெல்ட்டோடு முன் சீல்களையும் மாற்றினேன். இப்போது கிராங்க் புல்லி லேசாக ஆடுகிறது, இழுவையும் குறைந்துவிட்டது.

ஆரம்பகால 1.6 என்ஜின்களின் கிராங்க் ஷாஃப்ட் மூக்கு (புல்லி மாட்டும் முன்முனை) குட்டையானது. நடு போல்ட்டைச் சரியாக இறுக்காவிட்டால் சாவியும் (ஷாஃப்டோடு பூட்டிவைக்கும் சின்ன உலோகத் துண்டு) அதன் பள்ளமும் தேய்ந்து, டைமிங் தள்ளிப்போகும். புல்லி நடுவில் நான்கு வெட்டுகள் இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் பின்னால் வந்த பெரிய மூக்கு. காரை ஓட்டாமல் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். தேய்மானம் லேசாக இருந்தால், புதிய சாவி வைத்து, உலோகத்துக்கான கெட்டிப் பசையால் இடைவெளியை நிரப்பி, கையேட்டில் உள்ள டார்க்குக்கு (இறுக்க வேண்டிய விசை அளவு) இறுக்கிக் காப்பாற்றியவர்கள் உண்டு. பள்ளம் அகன்றிருந்தால் கிராங்க் ஷாஃப்டையே மாற்ற வேண்டும். பழைய போல்ட்டை எப்படி இருந்தாலும் திரும்பப் போடாதீர்கள்.